வலிக்கிறது என்பவர்களும் வலிக்கவில்லை என்பவர்களும்

போன இதழில், மார்பகம் பற்றிய சந்தேகங்களை எழுதுங்கள், பெயர் போடமாட்டோம் என்று ஆசிரியர் குழு அறிவித்திருந்தது. ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்தன. இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 28 வருஷமாக மார்பக அறுவை சிகிச்சை செய்கிறேன், இருந்தும் ஒரு விஷயம் மறுபடி உறைத்தது. வலி உள்ளவர்கள் பதறிப்போய் நான்கு பக்கம் எழுதுகிறார்கள். வலிக்காத கட்டி உள்ளவர்களோ, வேறு எதையோ கேட்டுவிட்டுக் கடைசி வரியில் 'வலி இல்லாததால் விட்டுவிட்டேன்' என்று முடிக்கிறார்கள். எனக்குக் கவலை வருவது இந்த இரண்டாவது ரகக் கடிதங்களைப் படிக்கும்போதுதான்.

சரி, கேள்விகளுக்குப் போவோம்.

எனக்கு 22 வயது. குளிக்கும்போது இடது மார்பில் கோலிகுண்டு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. வலி இல்லை. அமுக்கினால் விரலுக்கு அடியில் நழுவி ஓடுகிறது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மாத்திரையில் கரையுமா?

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கேனுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும், அதற்காகவாவது.

நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 15 வயதிலிருந்து 35 வயதுக்குள் பெண்களுக்கு வருகிற கட்டிகளில் இதுதான் மிகவும் சகஜம். வழவழப்பாக, ரப்பர் மாதிரி இருக்கும், பிடித்தால் நழுவும். ஆங்கில மருத்துவர்கள் இதற்கு 'மார்பக எலி' என்று செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள். புற்றுநோய்க் கட்டி பொதுவாகக் கெட்டியாக, ஓரம் தெளிவில்லாமல், இருந்த இடத்தைவிட்டு அசையாமல் இருக்கும்.

ஆனால் 'இருக்கத்தான் வாய்ப்பு' என்பது நான் கடிதத்தைப் படித்துச் சொல்வது. கட்டியைக் கையால் பார்க்க வேண்டும், படத்தில் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஊசியில் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். கை, படம், ஊசி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் நிம்மதி. இரண்டு நல்லது என்று சொல்லி ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால், அந்த ஒன்றை விடாமல் துருவுவோம். உங்கள் வயதில் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே தேவைப்படாது. இளம் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் அந்தப் படம் முழுக்க வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. எனவே அல்ட்ராசவுண்டில்தான் ஆரம்பிப்போம்.

மாத்திரையில் கரையாது. கரைக்க வேண்டிய அவசியமும் இல்லை. பெரும்பாலானவை அப்படியே இருக்கும், சில தானாகவே சுருங்கும். மளமளவென்று வளர்ந்தாலோ, மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை என்று நீங்களே சொன்னாலோ எடுத்துவிடலாம். வேகமாக வளர்கிற கட்டியை நாங்கள் விட்டுவைக்காததற்குக் காரணம், பில்லாய்ட்ஸ் என்று இன்னொரு வகை இதே மாதிரி வேஷம் போடும்.

ஒவ்வொரு மாதமும் பீரியட்ஸுக்குப் பத்து நாள் முன்பிருந்து இரண்டு மார்பும் கனத்து, கட்டிகட்டியாக ஆகி, மாடிப்படி இறங்கினாலே வலிக்கிறது. புற்றுநோய் என்று பயமாக இருக்கிறது. வயது 34.

வந்து போகிற வலி, இரண்டு பக்கமும், அக்குளை ஒட்டிய மேல் பாகத்தில் அதிகம், பீரியட்ஸ் வந்ததும் இறங்கிவிடுகிறது. இது ஹார்மோன் ஏற்ற இறக்கத்துக்கு மார்பகம் காட்டுகிற எதிர்வினை. கட்டி எதுவும் இல்லாமல் வலி மட்டும் இருந்தால் அது புற்றுநோயாக இருப்பது அபூர்வம்.

இரண்டு மூன்று மாதம் காலண்டரில் வலி வரும் நாட்களைக் குறித்து வையுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அந்தக் காலண்டரைப் பார்த்ததுமே பாதி வலி போய்விடுகிறது, வேடிக்கையாகச் சொல்லவில்லை. அப்புறம் பிரா. அளவு சரியாக, கீழிருந்து தாங்குகிற மாதிரி இருக்க வேண்டும். வலி நாட்களில் இரவிலும் மெல்லிய ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். டைக்ளோஃபினாக் ஜெல் தடவினால் கேட்கும். ஈவினிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையைப் பலரும் வாங்கி விழுங்குகிறார்கள். சோதித்துப் பார்த்ததில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது மேலானதாக இல்லை. இதற்கும் அடங்காத, வேலையையே கெடுக்கிற வலி என்றால் அதற்கு ஹார்மோன் மருந்துகள் உண்டு, பக்க விளைவுகளும் உண்டு. அதை நேரில்தான் பேச வேண்டும்.

இன்னொன்று: ஒரே இடத்தில், மாதக் கணக்கோடு சேராமல் குத்துகிற வலியாக இருந்தால், மார்பெலும்பை ஒட்டி விலா எலும்பு சேரும் இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். 'ஆ' என்று கத்தினால் வலி மார்பகத்தில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிற எலும்பு மூட்டில் இருக்கிறது.

குழந்தை பிறந்து 25 நாள். வலது மார்பு சிவந்து கல் மாதிரி ஆகிவிட்டது. 102 டிகிரி காய்ச்சல். பால் கெட்டுவிட்டது, கொடுக்காதே என்கிறார் மாமியார். நன்றாகப் பிசைந்துவிடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

இரண்டையும் கேட்காதீர்கள். பால் கெடவில்லை. அந்தப் பக்கத்துப் பாலைக் குழந்தை குடித்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கொடுக்காமல் நிறுத்தினால்தான் பால் தேங்கி, சீழ் பிடிக்கிற வாய்ப்பு கூடும்.

பிசைவதைப் பற்றி நானே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 'சூடு ஒத்தடம் கொடு, அழுத்தித் தேய்த்துக் கட்டியைக் கரை, மிச்சப் பாலை எல்லாம் பீய்ச்சி எடு' என்று வருஷக்கணக்கில் சொன்னவள் நான். 2022-இல் தாய்ப்பால் மருத்துவ அகாடமி என்ற சர்வதேச மருத்துவர் அமைப்பு தன் வழிகாட்டியைத் திருத்தி எழுதியது. உள்ளே நடப்பது வீக்கம். பால் குழாய்கள் அடைபடவில்லை, சுற்றியுள்ள வீக்கத்தால் நெரிபடுகின்றன. வீங்கிய இடத்தைப் பிசைந்தால் இன்னும் வீங்கும். கணுக்கால் சுளுக்கினால் பிசைவோமா? குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். குழந்தை கேட்கிற அளவுக்குப் பால் கொடுங்கள், கூடுதலாகப் பம்பு போட்டு எடுக்காதீர்கள், எடுக்க எடுக்க மார்பு இன்னும் சுரக்கும். வலிக்குப் பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ எடுக்கலாம், பால் கொடுப்பதற்குத் தடை இல்லை.

காய்ச்சல் 102-இல் நிற்பதால் நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி. ஆன்டிபயாடிக் 10 முதல் 14 நாள் வரை வேண்டும். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் மறு மாதம் சீழ்க்கட்டியோடு வருகிறார்கள்.

இரண்டு நாளில் குறையவில்லை என்றால் ஸ்கேன். போன மாதம் ஒரு பெண் வந்தார், புடவைத் தலைப்பு உரசினால்கூடத் தாங்காமல் அதைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். 'கத்தி வைப்பீர்களா' என்பதுதான் முதல் கேள்வி. ஸ்கேன் பார்த்துக்கொண்டே மரத்துப்போக ஒரு ஊசி, அப்புறம் தடிமனான இன்னொரு ஊசியில் சீழை இழுத்தேன். சிரிஞ்சில் மஞ்சளாக ஏறும்போதே அவர் தோள் இறங்கியது. இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை, அப்புறம் ஒரு முறை. வெட்டவே இல்லை. நடுவில் குழந்தை வெளியே அழுதது, எழுந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தார். தோல் பளபளத்து, மெலிந்து, உடையப்போகிற நிலையில் வந்தால்தான் சின்னதாகக் கீற வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆன்டிபயாடிக் முழுசாக எடுத்தும் சிவப்பு குறையாமல், தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாக ஆனால், அதைச் சீழ் என்று நினைத்து அடுத்த ஆன்டிபயாடிக்குக்கு மாறிக்கொண்டே இருக்கக் கூடாது. அழற்சி வகைப் புற்றுநோய் இப்படித்தான் வரும். பால் கொடுக்கிற பெண்ணுக்கும் வரும். ஊசியில் சதை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

காம்பிலிருந்து நீர் வருகிறது. அமுக்கினால் வருகிறது. அதனால் தினமும் அமுக்கிப் பார்க்கிறேன். வயது 41.

அமுக்குவதை நிறுத்துங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே நின்றுவிடும். அமுக்கினால் பல பெண்களுக்கு ஒன்றிரண்டு சொட்டு வரத்தான் செய்யும். தூண்டத் தூண்டச் சுரக்கும்.

எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியது நான்கு விஷயம். தானாக வருகிறதா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, காம்பில் ஒரே துளையிலிருந்தா பல துளையிலிருந்தா, என்ன நிறம். வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தால் நிறம் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் பால் போல வந்தால் ப்ரோலாக்டின் என்ற பால் சுரக்கவைக்கும் ஹார்மோனுக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்வோம். கர்ப்பமா என்றும் பார்ப்போம். வாந்திக்குக் கொடுக்கிற டோம்பெரிடோன், சில மனநல மருந்துகள்கூடப் பாலைச் சுரக்கவைக்கும், மாத்திரை அட்டைகளை எடுத்து வாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பல துளைகளில் வந்தால், வயதாகும்போது பால் குழாய்கள் விரிவதால் வருவது, பெரும்பாலும் பயமில்லை.

தானாக, ஒரே பக்கம், ஒரே துளையிலிருந்து, ரத்தமாகவோ கண்ணாடித் தண்ணீர் மாதிரியோ வந்தால் அந்த வாரமே வர வேண்டும். அப்போதும் பெரும்பாலும் குழாய்க்குள் வளர்ந்த சின்ன மரு, பாப்பிலோமா என்போம். அந்த ஒரு குழாயை மட்டும் எடுத்தால் முடிந்தது. சிலருக்கு அதன் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அக்குளுக்கு அடிக்கிற ஸ்ப்ரே, கம்பி வைத்த பிரா இரண்டாலும் புற்றுநோய் வருமா?

வராது. அடுத்த கேள்வி.

வலது காம்பில் எட்டு மாதமாகச் சொறி மாதிரி புண். காய்ந்து பொருக்கு உதிர்கிறது, மறுபடி கசிகிறது. மூன்று களிம்பு மாற்றிவிட்டேன். கட்டி எதுவும் இல்லை. வயது 52.

நான்காவது களிம்பு வேண்டாம். எக்ஸிமா என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் தொடங்கும், களிம்புக்கு இரண்டு வாரத்தில் மசியும். ஒரு பக்கம் மட்டும், காம்பிலேயே தொடங்கி, மெதுவாகக் கருவட்டத்துக்குப் பரவுகிற புண் என்றால் பேஜெட் நோயா என்று பார்த்தே தீர வேண்டும். ஜேம்ஸ் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1874-இலேயே எழுதிவைத்தார்: இந்தக் காம்புப் புண்ணுக்குப் பின்னால் மார்பகத்தில் புற்றுநோய் இருக்கிறது என்று. 150 வருஷம் ஆகியும் இதைக் களிம்பு போட்டே மாதக்கணக்கில் கடத்துகிறோம். தோலில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க ஐந்து நிமிடம் போதும். கூடவே மேமோகிராமும் எடுங்கள். இந்த வாரத்திலேயே.

என் மகனுக்கு 14 வயது. காம்புக்கு அடியில் நாணயம் மாதிரி கெட்டியாக இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறான். சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறான். ஆண் பிள்ளைக்கு இதெல்லாம் வருமா?

வரும், நிறையப் பையன்களுக்கு வரும். பருவம் மாறும் வயதில் ஹார்மோன்கள் ஒரு நிதானத்துக்கு வரும்வரை இப்படி இருக்கும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் பெரும்பாலும் தானாக அடங்கும். ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள், அவர் விரைகளையும் சேர்த்துப் பார்ப்பார், கூச்சப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே மகனிடம் சொல்லிவையுங்கள். ஜிம்முக்குப் போகிற பையனாக இருந்தால் அங்கே என்ன பொடி, என்ன ஊசி என்று அப்பா தனியாகக் கேட்பது நல்லது.

கடிதம் எழுதியது அப்பா என்பதால் இதையும் சொல்கிறேன். உங்கள் வயதில் ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி வந்தால் அதைப் பையனுடையதோடு சேர்க்காதீர்கள். மார்பகப் புற்றுநோயில் நூறில் ஒன்று ஆணுக்கு வருகிறது. ஆண்களுக்கு வராது என்று அவர்களே முடிவுசெய்துகொள்வதால் தாமதமாக வருகிறார்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 3' என்று இருக்கிறது. மூன்றாவது ஸ்டேஜா டாக்டர்? இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

சாப்பிடுங்கள். ஸ்டேஜ் வேறு, இது வேறு. படத்தைப் பார்க்கிற ரேடியாலஜிஸ்ட் தன் சந்தேகத்துக்குப் போடுகிற மதிப்பெண்தான் பைராட்ஸ். 0 என்றால் இந்தப் படம் போதவில்லை, இன்னும் எடுங்கள். 1, 2 என்றால் கவலை இல்லை. 3 என்றால் அநேகமாகச் சாதாரணக் கட்டி, புற்றுநோயாக இருக்கிற வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு படம். 4, 5 என்றால் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். 6 என்பது ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு.

உங்கள் இரண்டு நாள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு 43 வயதில், ஒரு ராத்திரி திரும்பிப் படுக்கும்போது ஒரு கட்டி தட்டுப்பட்டது. நேற்று இல்லை, இன்று இருக்கிறது. நூற்றுக்கணக்கான பேருக்கு 'திடீரென்று வந்தால் பெரும்பாலும் நீர்க்கட்டி' என்று சொன்ன வாய்தான், அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை. காலையில் என்னைவிட இளைய டாக்டர் ஒருத்தியிடம் போய்ப் படுத்தேன். அந்த ஜெல் அவ்வளவு ஜில்லென்று இருக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. திரையில் மைக் கறுப்பாக ஒரு வட்டம், ஓரம் வெட்டினாற்போல. நீர்க்கட்டி. 35-லிருந்து 50 வரை சகஜம். வலித்ததால் ஊசியில் இழுத்தாள். வைக்கோல் நிறத்தில் நீர், வட்டம் கண்ணெதிரே சுருங்கிக் காணாமல் போனது. நீர் ரத்தமாக வந்தாலோ, இழுத்த பிறகும் கட்டி மிச்சம் இருந்தாலோதான் மேற்கொண்டு பார்ப்போம். அன்றிலிருந்து என் அறையில் ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்திருக்கிறோம்.

மாதாமாதம் சுயபரிசோதனை செய்ய மறந்துபோகிறேன். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

விடுங்கள். சீனாவில் ஷாங்காய் நகரத்து நெசவாலைப் பெண்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குச் சுயபரிசோதனை முறையாகக் கற்றுத் தந்தார்கள். 2002-இல் முடிவு வந்தது: மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் எண்ணிக்கையில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை, கற்றுக்கொண்டவர்களுக்குத் தேவையில்லாத பயாப்ஸிதான், அதாவது சதை எடுத்துப் பார்ப்பதுதான், அதிகம். அதனால் தேதி வைத்துச் செய்யச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். உங்கள் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருங்கள். சோப்பு போடும்போது கை போகிறது, உடை மாற்றும்போது கண்ணாடி இருக்கிறது, அது போதும். புதிதாக ஒரு கட்டி, தோலில் ஒரு குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, அக்குளில் நெறி கட்டுவது, இவற்றில் ஒன்று தெரிந்தால் அடுத்த மாதம்வரை பார்க்காமல் வந்துவிடுங்கள். நடுவயதைத் தாண்டியவர்கள் எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை மேமோகிராம் எடுப்பது என்பதை உங்கள் டாக்டரோடு பேசி முடிவுசெய்யுங்கள். அம்மா, அக்கா, தங்கைக்கு இளவயதில் வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. முட்டுவலிக்கு என்ன எண்ணெய் நல்லது என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அப்புறம், அம்மாவுக்கு இடது மார்பில் ஒரு வருஷமாக ஒரு கட்டி, வலி ஒன்றும் இல்லை. டாக்டர் ஊசி போட்டுப் பார்க்கச் சொன்னார். ஊசி குத்தினால் பரவிவிடும், அப்புறம் மார்பையே எடுத்துவிடுவார்கள் என்று அம்மா மறுக்கிறார்.

முட்டுவலி இருக்கட்டும்.

ஊசி குத்தினால் பரவாது. பயாப்ஸி முடிந்து, சிகிச்சை எடுக்காமல் போய், ஆறு மாதம் கழித்து முற்றிய நிலையில் வந்தவர்களைப் பார்த்துத்தான் ஊர் அப்படிப் பேசுகிறது. பரவியது ஊசியால் இல்லை, அந்த ஆறு மாதத்தால். ஊசி இல்லாமல் நேரடியாகக் கட்டியை எடுத்துவிடுங்கள் என்று சிலர் கெஞ்சுவார்கள். அது இன்னும் மோசம். கட்டி எந்த வகை, ஹார்மோன் மருந்துக்கு வளைகிறதா, ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்பதெல்லாம் அந்த நூல் மாதிரிச் சதைத் துணுக்கில்தான் தெரியும். எதை முதலில் செய்வது, மருந்தா அறுவை சிகிச்சையா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

முழு மார்பையும் எடுப்பது பற்றி. அம்மாவின் பயம் நியாயமானது, ஆனால் பழையது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹால்ஸ்டட் என்ற அமெரிக்க மருத்துவர் மார்போடு அடித்தசையையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுக்கிற முறையைக் கொண்டுவந்தார். முக்கால் நூற்றாண்டு அதுதான் நடந்தது. அப்புறம் இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் ஃபிஷரும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களையும் முழு மார்பை எடுத்தவர்களையும் 20 வருஷம் பின்தொடர்ந்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் கணக்கு இரண்டு பக்கமும் ஒன்றே. இப்போது சின்னக் கட்டி என்றால் மார்பைக் காப்பாற்றத்தான் பார்ப்போம். அக்குளிலும் முதலில் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் எடுத்துப் பார்ப்போம், கை வீக்கம் அதனால் குறைந்துவிட்டது. ஹார்மோன் மருந்துக்கு வளைகிற வகை என்றால், அம்மா வயதில் அதுதான் அதிகம், குறைந்தது ஐந்து வருஷத்துக்குத் தினம் ஒரு மாத்திரை. கீமோ எல்லோருக்கும் வேண்டியிருக்காது.

அம்மாவிடம் இதையெல்லாம் ஒப்பிக்க வேண்டாம். ஊசி போடும் இடம் மரத்துப்போயிருக்கும், 'டக்' என்று ஸ்டேப்ளர் சத்தம் கேட்கும், அதற்குப் பயப்படக் கூடாது, 20 நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம், இதை மட்டும் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தைப் பற்றி முன்னால் சொல்லாதவர்கள்தான் மேசையில் துள்ளுகிறார்கள்.

கட்டி சாதாரணமானதாகவும் இருக்கலாம். எப்போதோ மேசை இடித்த இடத்தில் கொழுப்பு இறுகிப்போய்க் கட்டியாக நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் 61 வயதில், வலிக்காத, ஒரு வருஷமாக நிற்கிற கட்டியைக் கடிதத்தைப் படித்து நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இந்த இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வர மூன்று வாரம் ஆகும். அதனால் இதே பதிலை ஒரு தாளில் எழுதி, உங்கள் கடித உறையில் இருந்த முகவரிக்குச் செவ்வாய்க்கிழமையே தபாலில் போட்டுவிட்டேன்.